நிகர எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
பத்தொன்பது வருஷம் சீட்டு எழுதினேன்.
லோடு வண்டியில் வெறும் வண்டியைக் கழித்தால்
வருவது நிகரம்.
தேங்காய் என்றாலும் கோழித்தீவனம் என்றாலும்
கணக்கு ஒன்றுதான்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்
ஒரு பெண்பிள்ளை படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள்.
பேர்? ஜைத்தூன்.
எடை? எண்பத்தேழு.
சர்க்கரை? பதினாலு வருஷம்.
புகை?
எனக்கு இல்லை. என் ஜன்னலுக்கு வெளியே
இஞ்சினை அணைக்காமல் நிற்கிற லாரிகளுக்கு உண்டு.
அதற்குக் கட்டம் இல்லை என்று சிரித்தாள்.

மூன்று மாதச் சராசரி ஒன்பதரை.
குறைத்துக்கொண்டு வந்து படுக்கட்டுமா என்றேன்.
இதயம் அதுவரை காத்திருக்காது என்றார் டாக்டர்.
செக்போஸ்டில் மாட்டிய தக்காளி லோடு மாதிரி:
தாளும் சரியில்லை, நிற்கவும் நேரமில்லை.

முந்தின ராத்திரி காலில் ரோமம் மழிக்க
வார்டுக்காரி பிளேடு கொண்டுவந்தாள்.
பிளேடு ஆகாது, மிஷின்தான் என்று
நர்ஸ் ஓடிவந்து திட்டுவதற்குள்
ஒரு கால் முடிந்திருந்தது.
கெண்டைச் சதையில் கொசுக்கடி அளவு சிவப்பு.
"பேடிக்கண்டா இத்தா" என்று பஞ்சு வைத்தாள்.
நான் பயப்படவில்லை.
எண்ணி வைத்துக்கொண்டேன்.

நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம்
இடமும் வலமும் ரத்தக்குழாய் ஓடுகிறதாம்,
இரண்டையும் இதயத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.
ஆளியாற்றுத் தண்ணீரைப் பற்றி
எங்கள் பக்கத்தில் எவரிடமும் கேளுங்கள்:
மடை மாறினால் ஒரு வயல் நனையும்,
இன்னொன்று வாய் பிளக்கும்.
என் நடு எலும்பு கடைமடை.

இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை:
என் மார்பு பெரியது.
மல்லாந்து படுத்தால் ஆளுக்கொரு பக்கம் சரியும்,
ஒரே படுதாவை
இரண்டு கிளீனர்கள் எதிரெதிரே இழுப்பது போல.
நடுவில் தையல்.
முன்பக்கம் கொக்கி வைத்த பாடி
ராத்திரியிலும் போட்டிருக்க வேண்டும் என்று
சீட்டில் எழுதித் தந்திருந்தார்கள்.
நவ்ஷாத் பாலக்காட்டுக் கடையில் சீட்டை நீட்டி
அளவு கேட்டதற்கு, தரையைப் பார்த்தபடி
நார்மல் என்றிருக்கிறான்.
அது மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடந்தது.
மாற்றிக்கொண்டு வா என்று
மகனிடம் எப்படிச் சொல்வது.
ஏப்ரல். கணவாய்க் காற்று எழ
இன்னும் மாசம் கிடந்தது.
மார்புக்குக் கீழே வேர்வை தேங்கியது.

பதின்மூன்றாம் நாள் நைட்டியில் ஒரு கறை.
கஞ்சி சிந்தியது என்று நினைத்தேன்.
இருமினால் உள்ளே ஒரு டக்,
சரியாகப் பூட்டாத பின்கதவு
மேடுபள்ளத்தில் போடுகிற சத்தம்.

திரும்பப் போனேன்.
பிரித்தார்கள், கழுவினார்கள், கம்பியை உருவினார்கள்.
குழிக்குள் பஞ்சு அடைத்து மேலே ஒட்டி
ஒரு சின்ன மோட்டார் இரவும் பகலும் உறிஞ்சியது.
நாற்பத்தொரு நாள்.
நவ்ஷாத் வெல்டிங் மிஷினை விற்றான்.
எழுபத்தொன்பதுக்கு வந்துவிட்டேன்.
எட்டு கிலோ எங்கே இறங்கியது என்பதற்குச்
சீட்டு இல்லை.

பெரிய டாக்டர் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து
என் கட்டில் ஓரம் விரல் மடக்கினார்.
சர்க்கரை. பருமன். இரண்டு குழாய்.
ஐந்து மணி நேர ஆபரேஷன்.
விரல் மடக்கி முடியட்டும் என்று இருந்தேன்.
பிறகு, பிளேடு என்றேன்.
அவர் திரும்பிப் பார்த்தார்.
பாடி அளவு சரியில்லை என்றேன்.
பின்வரிசையில் கண்ணாடி போட்ட பெண்
பேனாவை எடுத்துக்கொண்டு
என்ன சைஸ்ம்மா என்று கேட்டாள்.

நாற்பத்திநாலு.
எடைமேடையில் டிரைவருக்குக் கூப்பிட்டுச் சொல்வேனே,
அந்தச் சத்தத்தில் சொன்னேன்.
வாசலில் நின்ற நவ்ஷாத்துக்கும் கேட்டிருக்கும்.