மூன்று எண்ணும் நேரம்

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு.
காரைக்குடி தேவகோட்டை டவுன் பஸ்
இன்று வேறொருவன் விசிலுக்கு ஓடும்.
சிறுவயல் தாண்டிய கண்மாய்க் கரையில்
பழைய கண்டக்டர் பையைத் திறக்கிறேன்.
சில்லறை கிடந்த அறைகளில் இப்போது தவளைகள்.
பச்சை முதுகும் மஞ்சள் வயிறுமாய் ஒன்று,
கறுப்பு ஒன்று,
வெள்ளையில் ஒற்றைக் கால் போன ஒன்று;
அந்தக் காலுக்குப் பதில்
என் மகள் பள்ளிக்கூட ரிப்பன்.
ஸ்பின்னரும் இரண்டு உண்டு. மினுக்குவதோடு சரி,
கோரையில் சிக்கி
புல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பும்.

நேற்றைய மழை செம்மண்ணைக் கரைத்து
பாய்லர் டீ நிறத்தில் நிற்கிறது தண்ணீர்.
கலங்கலுக்குக் கறுப்பு.
விரால் கீழேயிருந்துதான் பார்க்கும்.
அதற்கு நிறம் எதற்கு?
வானத்தில் ஒரு ஓட்டை நகர்ந்தால் போதும்.

இஞ்ஞாசி சிரிக்கிறான்.
பஸ்ஸில் என் டிரைவர், ஓய்விலும் கூடவே வருவான்.
அவன் நம்புவது
கொட்டாங்கச்சியில் நெளியும் மண்புழுவை மட்டும்.
"நூத்தியெம்பது ரூவா ரப்பரு!
மீனு அதத் திங்குமா, திருப்பி விக்குமா?"

எறிகிறேன்.
அல்லி இலைமேல் விழுந்த தவளையை
அப்படியே விட்டுவைக்கிறேன், நீர்வளையம் அடங்கும்வரை.
அப்புறம் எனக்குத் தெரிந்த பாஷைதான்.
இரண்டு விசில், போகலாம்.
ஒரு விசில், நில்.
இரண்டு. ஒன்று.
இலை விளிம்பில் ஒரு ஸ்டாப்பிங்,
ஏறுகிறவர் ஏறட்டும்.

ஏறியது!
தண்ணீர் வாய் பிளந்து மூடிய சத்தம்
அக்கரைக் கொக்கைக் கிளப்பிவிட்டது.
இப்போது இழுக்கக் கூடாது.
தவளை இன்னும் உதட்டில்தான் இருக்கும்.
மூன்று எண்ணணும்.
ஒன்று,
ரெண்டு,
இழுத்துத் தொலைத்தேன்.
காதோரம் விர்ரென்று பறந்த கறுப்புத் தவளை
பின்னால் கருவை முள்ளில் போய்த் தொங்கியது.
நூல் அறுந்ததுதான் மிச்சம்.

ரிப்பன் தவளையைக் கட்டிக்கொண்டு மடைப் பக்கம் நடந்தேன்.
அங்கே கை அகலத்துக்கு
தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது.
குஞ்சுகள். மிளகாய்ப் பழ நிறத்தில், விரல்கடை நீளத்தில்,
மூச்சு வாங்க ஒன்றாய் மேலேறி ஒன்றாய் இறங்கும் கூட்டம்.
இஞ்ஞாசி குரலைத் தாழ்த்தினான்.
"தாயும் தகப்பனும் கீழதான் நிக்கும்.
நடுவுல போடு. எதப் போட்டாலும் அடிக்கும்."

எதைப் போட்டாலும்.
நிறம் பார்க்க வேண்டாம், விசில் வேண்டாம்.
பசித்த விராலுக்கு நான் எத்தனை வேஷம் கட்டுகிறேன்!
பசியில்லாதது இப்படி
சும்மா வந்து மாட்டும்.

என் தம்பி சாத்தையாவுக்கும் அப்படி ஒரு இடம் உண்டு.
இளைய மகள், கால் கொஞ்சம் தாங்கி நடப்பாள்.
போன மாதம் தேவகோட்டைக் கோர்ட்டு வாசல்,
பாகப்பிரிவினை வாய்தா முடிந்து
எல்லோரும் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது
"அந்தப் புள்ளைய எவன் கட்டுவான், அவளுக்கெதுக்குப் பங்கு"
என்று போட்டேன்.
வாய் தவறவில்லை. இடம் பார்த்துத்தான் போட்டேன்.
அவன் கை ஓங்கினான், இத்தனை பேர் முன்னால்.
என் வக்கீல் பேனாவை எடுத்தார்.
அன்று மூன்று எண்ண
எனக்குப் பொறுமை இருந்தது.

குஞ்சுகள் மறுபடி மேலே வந்தன.
தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்து
எத்தனை நேரம் நின்றேனோ.
"போடுறியா, நான் போடவா?" என்றான் இஞ்ஞாசி.
ரிப்பன் தவளையைக் கழற்றிப்
பையில் போட்டு பொத்தானை அழுத்தினேன்.

மதியத்துக்குள் அவன் புழுவுக்கு நாலு கெளுத்தி.
ஒன்று என் கட்டைவிரலில் முள்ளை ஏற்றியது,
சாயங்காலம்வரை கடுத்தது.
"ரப்பரு என்னாச்சு?" என்றான் வண்டியை எடுக்கும்போது.
கருவை மரத்தைக் காட்டினேன்.
காற்றுக்குக் காலை உதைத்துக்கொண்டு
தொங்கியது தவளை.
அதற்குக் கீழே அந்தக் கொக்கு,
ஒற்றைக் காலில்,
கழுத்தை நிமிர்த்தி அதையே பார்த்தபடி.