சேதத்தின் காரணம்

பம்பலப்பிட்டியில், கடலுக்கு முன் கடைசி வீடு.
விற்றாயிற்று. அடுத்த மாதம் இடிக்க வருகிறார்கள்.
அதற்குள் உள்ளதையெல்லாம் பட்டியலிட
என்னை அனுப்பியிருந்தது ஏலக் கம்பனி.

அலுமாரி ஆறு.
ஹார்மோனியம் ஒன்று, இரண்டு கட்டை ஊமை.
கை கழுவப் போன குளியலறையில்
சுவரில் ஒரு வளைவு நின்றது.

நிழல் என்றுதான் நினைத்தேன்.
நிழலுக்கு ஏது கல்லடுக்கு,
ஏது இடுக்கில் முளைத்த புல்?

வெண்டிலேட்டரில் நாலு கண்ணாடி.
மூன்று வெறும் கண்ணாடி.
நாலாவதில் ரோமாபுரி:
வானம் கரி, சலவைக்கல் கரி,
இருண்ட வாசல்கள் மட்டும் பாலாய்.

"அதுவா, கறை" என்றார் திருமதி லப்ரோய்.
எண்பத்திரண்டு வயது.
"பூட்டனார் கப்பல் வைத்தியர்.
ஒரு பெட்டிக் கண்ணாடி கொண்டுவந்தாராம்.
ஜன்னல் உடைய உடைய எடுத்து மாட்டினோம்.
மற்றதெல்லாம் சுரண்டினதும் போய்விட்டது.
இது மட்டும் போகவில்லை.
ஒவ்வொரு நத்தாருக்கும் விம் போட்டுத் தேய்ப்பேன்."

கைப்பேசியில் எடுத்துக்
கறுப்பை வெள்ளையாக்கினேன்.
சரிந்த தூண். பக்கத்தில் ஒரு கழுதை;
நாலு காலும் உண்டு,
தலை இருந்த இடத்தில் புகை.
ஈ மொய்த்திருக்கும்.
அந்தக் காலத்துக் கண்ணாடிக்குப்
பத்து விநாடி அசையாதவர்தான் ஆள்.

ஓரத்தில் ஒரு பெண் சிலை.
அவள் அசைந்திருக்க முடியாது.
மடிப்பு மடிப்பாய் உடுத்து
ஒரு முழங்கால் முன்தள்ளிக்
கழுத்துவரை வந்து நிற்கிறாள்.
அதற்கு மேல் கீறல்கள்,
வட்ட வட்டமாய்.

படிவத்தில் ஒரு கட்டம்:
சேதத்தின் காரணம்.
யாரை எழுத?
படையெடுத்து வந்தவனையா, பூகம்பத்தையா,
சுண்ணாம்புக்காகத் தெய்வங்களைச் சூளையிலிட்டவனையா,
எழுபது நத்தார்களையா?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எட்டு மணி ரயில் போனது.
வீடு நடுங்கியது. சுவரில் வளைவும் நடுங்கியது.
அங்கே மூச்சடக்கி நின்றதெல்லாம்
இங்கே தினமும் ஆடியிருக்கிறது,
ஒரு சிறுமி சவர்க்காரம் போடுகையில்,
ஒரு மணப்பெண், ஒரு விதவை.

பிறகு எதிர்மாடிக் கட்டடத்துக்குப் பின்னால்
போய்விட்டது வெயில்.
சுவரில் சுவர்.

துவாயோடு வாசலில் நின்றார் திருமதி லப்ரோய்.
"கழற்றுவதென்றால் கழற்றுங்கள்.
போகுமுன் ஒரு அட்டை வெட்டி
அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.
இன்னும் மூன்று கிழமை
நான் இதில்தான் குளிக்க வேண்டும்.
நுளம்பு வரும்."