வேன் சீட்டு

வாலிநோக்கம் உப்பளத்தில்
எனக்கு முன்னால் ஓட்டியவனுக்கும் அதே இரும்புத் தட்டுதான்.
தட்டின்மேல் சாக்கு, சாக்கின்மேல் நான்.
உப்புக் காற்றில் துருவேறிய வில்
ஓர் ஆவணியில் முறிந்தது.
ராமநாதபுரத்தில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர்
முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது என்றார்,
பஸ் ஸ்டாப்பிங் சொல்வதுபோல.

கீழக்கரை பழைய இரும்புக் கடையில்
முன்பக்கம் நசுங்கிய டூரிஸ்ட் வேன்.
டிரைவர் சீட்டில் மட்டும் கீறலில்லை.
ஆயிரத்து எண்ணூறு என்றார் சிக்கந்தர் பாய்.
உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்று
நான் கேட்கவில்லை.
வெல்டிங் நானூறு.
பெல்ட்டும் கூடவே வந்தது,
மாட்டத்தான் மறுமுனை இல்லை.

முதல் நாள் கலெக்டர் மாதிரி போனேன்.
மறுநாள் தெற்குப் பாத்தி வரப்பில்
டிரெய்லர் நிறைய உப்போடு
பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது.
எனக்குத் தெரியவேயில்லை.
இத்தனை வருஷமும்
எங்கே சேறு இளகுகிறதென்று
இடுப்புதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
நான் அதை வலி என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி உறையைப் பிரித்து
பாதி ஸ்பாஞ்சை அறுத்தெடுத்தேன்.
இப்போது
கொஞ்சம் வலிக்கிறது, கொஞ்சம் தெரிகிறது.

அறுத்த துண்டை நாகவள்ளி கேட்டு வாங்கினாள்.
சும்மாட்டுத் துணிக்குள் வைத்துச் சுற்றி
உப்புக்கூடை ஏற்றி
நாலு நடை நடந்தாள்.
"எப்படியிருக்கு?" என்றேன்.
"ஒனக்கென்ன, உக்காந்திருக்க."

ஐந்தாம் நடைக்குக் குனியுமுன்
கழுத்தை மட்டும்
இப்படியும் அப்படியும்
திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.