நாய்க்கு டிக்கெட் இல்லை

புதன்கிழமை பத்தரைக்கு
உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ இருமி நிற்கும்.
முதலில் இறங்குவது பணிஸ்,
ஒரு காது கிழிந்த மண்ணிற ஊர்நாய்.
பிறகுதான் ஜெசிந்தா,
கையில் படிவம், பேனை, பழைய துவாய்.

பஸ் ஸ்டாண்டில் மான்களோடு
குப்பையைப் பங்குபோட்டு வளர்ந்ததாம்,
அதனால்தான் இவ்வளவு பொறுமை என்கிறாள்.
எனக்கு நாயென்றால் பயம்.
முதல் நாள் கதவோரம் நின்றேதான் பார்த்தேன்.

அது போய் அருமைத்துரையின் முழங்காலில்
தாடையை வைத்தது.
மூன்று மாதமாய்ச் சோற்றுக்கு மட்டும் திறந்த வாய்
"நாய்க்கு டிக்கெட் இல்லை" என்றது.
"ஆட்டுக்கு அரை. சைக்கிளுக்குத் தனி."

முப்பத்தொரு வருஷம்
கிண்ணியாப் பாதையில் டிக்கெட் கிழித்த மனுஷன்.
பாதை என்றால் எங்களுக்குத் தெருவல்ல,
தண்ணீரில் மிதந்த இரும்புத் தட்டு.
லொறியும் மாடும் மணப்பெண்ணும் ஒன்றாய் ஏறும்.
பாலம் வந்தது, பாதை நின்றது.
அதை ஒருமுறை அவருக்குச் சொன்னேன்.
"அப்ப அக்கரைச் சனம் எப்பிடி வரும்?"
விடியும்வரை அழுதார்.
பிறகு சொல்வதில்லை.

என்னை மிஸ்ஸி என்கிறார்.
நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு
மரியாதையாய், வாங்கோ, போங்கோ.

விரல்கள் பணிஸின் கிழிந்த காதைத் தேடிப் பிடிக்கும்,
ஓரத்தைத் தடவும்,
கட்டிலிருந்து அடுத்த டிக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி.
ஜெசிந்தா படிவத்தில் எழுதுவாள்:
கை நடுக்கம் குறைவு. பேச்சு, பதினொரு சொல்.
நான் எண்ணியதில் பதின்மூன்று.

போன கிழமை பணிஸுக்குக் காலில் காயம்.
படலையைப் பார்த்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை.
"கடல் கொந்தளிப்போ?"
"ஓம்" என்றேன்.
வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இன்று கட்டுப்போட்ட காலோடு நொண்டி வந்தது.
வாரை என் கையில் திணித்துவிட்டு
ஜெசிந்தா போன் பேச வெளியே போனாள்.
வேறு வழியில்லை,
நாய்க்குப் பக்கத்தில் தரையில் குந்தினேன்.
அவர் குனிந்து இரண்டு பேரையும் பார்த்தார்.
கலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து
என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாய் மூடினார்.
"நாயோட வந்த ஆளுக்கு ஒண்டு."

"என்னட்டக் காசில்லையே."
"பரவாயில்லை, திரும்பி வரேக்க தாங்கோ.
துண்டை எறியாதேங்கோ, செக்கர் கேப்பார்."

பணிஸ் கொட்டாவி விட்டது.
துண்டில் அரைவாசி ஏகாதசி.
ஜெசிந்தா வந்து வாரைக் கேட்கும்வரை
நான் எழும்பவில்லை.
கால் விறைத்துப் போயிருந்தது.