அரைப் பேர்

மாசக் கடைசியில் ஹட்டனுக்கு ஒரு தாள் போகும்.
அதில் ஒன்பது கட்டங்கள்.
கொலை: இல்லை.
கொள்ளை: இல்லை.
வீடுடைப்பு: இல்லை.
மார்ச் மாதத்துக்குக் களவு மட்டும் ஒன்று,
பிள்ளைக் காம்பராவின் காஸ் சிலிண்டர்.
அதுவும் நாலாம் நாள்
கானுக்குள் குப்புறக் கிடந்து அகப்பட்டது,
காஸ் குறையாமல்.

"நல்ல இடம்" என்கிறார் ஓ.ஐ.சி. விஜேகோன்
கண்ணாடியைத் துடைத்தபடி.
"கொழும்பில் வேலை செய்திருந்தால் தெரியும் உனக்கு."
உண்மைதான்.
இந்தக் காவலரணில்
கைவிலங்கின் சாவியை ஒரு பழைய
தேயிலைத் தூள் டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.
எட்டு வருசத்தில் இரண்டு தடவைதான் தேடியிருக்கிறோம்.

இந்தத் தோட்டத்தைத் திறந்த வெள்ளைக்காரன்
தன் ஊர்ப் பேரையே வைத்துவிட்டுப் போனானாம்.
அந்த ஊரும் இப்படித்தானோ?
மழை, மாடு, ஒரு கோயில்,
ஏழு மணிக்கே அணைகிற விளக்குகள்.
அங்கேயும் ஒருத்தி ராத்திரிக் கடமையில்
இல்லை, இல்லை, இல்லை என்று
கட்டம் கட்டமாய் எழுதுவாளோ?
அவள் கேட்ட பாஷையிலேயே எழுதுவாள்.
நான் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுதுகிறேன்.
போன மாதம் "முறைச்சிக்கிட்டே நின்னான்" என்பதற்குச்
சொல் அகப்படாமல்
பேனை மூடியைக் கடித்து உடைத்தேன்.

விளம்பரப் பலகை விழுந்துவிட்டது.
ஆணி வாங்கக் கீழ் பஜாருக்குப் போனேன்.
"பூட்டு முடிஞ்சி, தங்கச்சி" என்றார் நிஸ்தார் நானா,
நான் கேட்காத கேள்விக்கு.
சம்பள நாளிலிருந்து நாற்பத்தொரு பூட்டு.
எட்டாம் நம்பர் லயத்துக்கு மட்டும் பதினொன்று.
கள்ளன் திரிகிறானா என்றேன்.
"இந்தக் குளிருக்கு வெளியிலருந்து யாரு வாறது?"
சில்லறையை எண்ணினார், மறந்தார், மறுபடி எண்ணினார்.
"எல்லாம் உள் கதவுக்குப் போடுற பூட்டு.
வாசக் கதவுக்கு ஒண்ணுமில்ல.
வாங்கினது பூராப் பொம்பளைங்க."

வெள்ளிக்கிழமை, அந்தி நிறுவை முடிந்து
திலகமணி வந்தாள்.
இடுப்பில் படங்கு இன்னும் அவிழ்க்கவில்லை.
கணுக்காலில் அட்டை கடித்த இடம்
ஒழுகிக்கொண்டே இருந்தது.
பெஞ்சின் நுனியில் இருந்தாள்.
பதிவேட்டைத் திறந்து தேதி போட்டேன்,
பிற்பகல் ஐந்து ஐம்பது என்று நேரம் போட்டேன்.

"பேர்?"

சுவரைப் பார்த்தாள்.

"முழுப் பேர் வேணும்."

"இன்னைக்குப் பதினாலு கிலோதான் எடுத்தேன்.
கணக்கப்பிள்ளை அரைப் பேருதான் போட்டாரு.
இங்கயும் அரைப் பேர் போதுமா?"

நான் சிரித்திருக்கக் கூடாது.
அவளும் சிரித்தாள்.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை,
ஈறு இன்னும் ஊதா நிறம்.

பிறகு பேசிக்கொண்டிருந்தோம்.
மழையைப் பற்றி. மேல் மலையில்
நாயைத் தூக்கிய சிறுத்தையைப் பற்றி
(அதற்கும் கட்டமில்லை).
மகள் ஏ.எல். எடுக்கப் போகிறாள்,
ராத்திரி ரெண்டு மணி வரை படிக்கிறாள்,
பூட்டு அந்தக் காம்பராவுக்குத்தான்,
ரெண்டு பக்கமும் சாவி போடலாம்.
"வேற?" என்றேன்.
"வேற ஒண்ணுமில்ல."
றோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று ஹோன் அடித்தது.
அவள் எழுந்த வேகத்தில் பெஞ்சு ஆடித்
தேத்தண்ணி சிந்தியது.
"ஒண்ணும் எழுதல தானே?"
"எழுதல."

பதிவேட்டில் பக்கம் கிழிக்க முடியாது,
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.
ஐந்து ஐம்பது அப்படியே நிற்கிறது,
அதற்குப் பின்னால் வெள்ளைத் தாள்.
இது என்ன என்று கேட்டார் ஓ.ஐ.சி.
பேனை எழுதுகிறதா என்று பார்த்தேன், சேர்.
அவர் என்னைப் பார்த்தார்.
கையெழுத்து வைத்தார்.

ஹட்டனுக்குத் தாள் போய்விட்டது.
நிஸ்தார் நானா கண்டியிலிருந்து
இன்னும் நாலு டசின் எடுப்பித்திருக்கிறார்.

ஞாயிறு காலை ஒரு பிள்ளை வந்தாள்,
கையில் பௌதிகவியல் புத்தகம்.
"அம்மா குடுக்கச் சொன்னாங்க."
புத்தகத்தின் நடுவிலிருந்து எடுத்தாள்
ஒரு பித்தளைச் சாவி.
நான் ரசீது எழுதவில்லை.
அவளும் நிற்கவில்லை.

தேயிலைத் தூள் டின்னைக் குலுக்கினால்
இப்போது இரண்டு சாவியின் சத்தம்.