ஐந்து இலக்கம்

கப்பலூர் சுங்கச்சாவடியில் எனக்கு ஏழாம் லேன்.
ஃபாஸ்டேக் ஒட்டாதவர்கள், ஒட்டியும் இருப்பு தீர்ந்தவர்கள்,
"உள்ளூர்க்காரனுக்கு எதுக்கு காசு" என்று
திருமங்கலத்துக் கோபத்தோடு வருகிறவர்கள்,
எல்லாரும் என் சன்னலுக்குத்தான்.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில்
ஒரு பெயர்.

ஐந்தெழுத்தில்தான் ஆரம்பித்தேன்.
'நமசி' என்பதற்குள் ஹாரன் அடித்துவிடுகிறார்கள்.
மூன்றாகக் குறைத்துக்கொண்டேன்:
சொக்கா.
ஊருக்கே ராஜா என்றாலும்
கூப்பிடக் கூச்சமில்லாத பெயர்.
மெட்ராஸ் பக்கத்து லாரிக்காரர் ஒருத்தர்
குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டு
"பட்டன் போட்டுத்தானம்மா இருக்கேன்" என்றார்.
சிரித்துக்கொண்டே அமுக்கினேன். அதுவும் ஒன்று.

விரலில் மாட்டுகிற கவுன்ட்டர்.
அம்மன் சன்னதித் தெருவில் அறுபது ரூபாய்.
ஐந்து இலக்கம் மட்டுமே காட்டும்,
லட்சம் அதில் அடங்காது என்று
வாங்கும்போது தோன்றவில்லை.

லட்சம் யாரும் சொன்ன கணக்கில்லை, நானே போட்டது.
மகளுக்கு ஐந்து முடிந்துவிட்டது.
மதுரவாணி என்று பெயர் வைத்தவளும் நான்தான்.
அண்ணாநகரில் வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி.
வாய்க்கு நேரே கண்ணாடியைப் பிடித்து
ம், மா, ம், மா என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல
வாணி கண்ணாடியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பாள்.

கல்யானையைக் கரும்பு தின்ன வைத்தவனே,
உனக்கு ஒரு சொல் பெரிய காரியமா?
'அம்மா' என்றுகூட வேண்டாம்.
'தண்ணி' போதும்.

உண்மையைச் சொன்னால்
பாதிப் பெயர்கள் பெயராகவே இல்லை.
சில்லறையோடு சில்லறையாக விழுந்தன.
சொல்லாமல் அமுக்கியது உண்டு;
அடுத்த தடவை அமுக்காமல் சொல்லிக் கடனைத் தீர்த்ததும் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை
இரவு ஷிப்டு முடிந்து வந்து படுத்தபோது
98214.
எழுந்தபோது மணி பன்னிரண்டு.
முன்னறையில் அவர் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தார்.
மிஷினுக்கு அடியில், வெட்டுத் துணிகளுக்குள்,
வாணியும் கவுன்ட்டரும்.
டிக்.
டிக்.
00037.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.
ஓங்கிய கை அந்தரத்தில் நின்று கணக்குப் போட்டது.
லட்சத்துக்கு ஆயிரத்து எழுநூற்று எண்பத்தாறு,
அதற்கு மேலே முப்பத்தேழு.
"மிஷின் சத்தத்துல கேக்கவே இல்லையே" என்றார் அவர்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
அமுக்குகிறாள்.
எண் புரள்வதைக் கடைசிவரை பார்க்கிறாள்.
ஒரு சின்ன மூச்சு.
அதற்குப் பிறகுதான் அடுத்தது.
கட்டைவிரலில் சிவப்பாய் ஒரு வட்டம்.
எந்த ஹாரனும் எட்டாத முகம்.

ஏழாம் லேனில் ஒருநாளும்
என் முகம் அப்படி இருந்திருக்காது.

அன்று இரவு பஸ்ஸில் வழியெல்லாம் இதே யோசனை.
கழித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவதா?
லட்சம் முடிந்தது என்றால்
முடித்து வைத்தது யார், எந்தப் பெயரால்?
முடியவில்லை என்றால்
அந்த மூச்சுகளை எந்தப் பக்கம் எழுதுவது?

பத்து மணி. முதல் வண்டி,
நாமக்கல் முட்டை ஏற்றிய டெம்போ.
ஐநூறு ரூபாய்த் தாள்.
மீதி எண்ணிக் கொடுத்தேன், கட்டை தூக்கியது.
சொக்கா.

பழக்கத்தில் விரல் மடங்கி
ஒன்றுமில்லாததை அமுக்கியது.
கவுன்ட்டரைக் கொண்டுவரவில்லை.
அவள் கையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இன்னும் தூங்காமல் இருந்தால்
இந்நேரம் எத்தனையில் இருப்பாளோ.

"ரசீது குடும்மா,
பின்னாடி வண்டி நிக்குதுல்ல."