சைரன் நேரம்

பெர்லின், வெட்டிங் வட்டாரம். நான்காம் மாடியில்
கிளாவிட்டர் அம்மாளின் தட்டுமுட்டு அறை.
நாள் முழுக்கக் காலுறையோடுதான் நடமாட்டம்.
கீழ்வீட்டு டிராம் கண்டக்டர்
இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறான்;
அவன் விட்டம் எங்கள் தரை.

இருமல் வந்தால் ஜீக்பெர்ட்
தலையணையைக் கடித்துக்கொள்வார்.
தில்லாவுக்கு ஐந்து வயது.
பேச்சை உதட்டோடு நிறுத்தக் கற்றுவிட்டாள்.
பொம்மையையும் அதட்டுகிறாள்,
சத்தமில்லாமல்.

சைரன் ஊதும்.
படிக்கட்டெங்கும் பூட்ஸ், பெட்டி, பிள்ளை அழுகை,
யாரோ யாரையோ ஏசுவது,
எல்லாம் நிலவறைக்குள் இறங்கி அடங்கும்.
அங்கே எங்களுக்கு இடமில்லை.
மாடிகள் நான்கும் எங்களுக்கே.

ஜீக்பெர்ட் ஆசைதீர இருமுவார்.
நான் கழிவறைச் சங்கிலியை இழுப்பேன்,
தேவையில்லாமல் இன்னொரு தரமும்.
தில்லா காலணி மாட்டிக் குதிப்பாள்.
சன்னல் சட்டங்கள் நடுங்க,
விமானங்களுக்குக் கீழே நின்று
தொண்டை கிழியத் தன் பெயரைக் கத்துவாள்.

மூன்று நாளாக வானத்தில் மேகம்.
யாரும் வரவில்லை.

நேற்றிரவு என் காதில் உதட்டை வைத்துக் கேட்டாள்:
"இன்றைக்காவது குண்டு போட வருவார்களா?"

வருவார்கள், தூங்கு என்றேன்,
விருந்தாளிகளைப் பற்றிச் சொல்வதுபோல.

அவள் காலணிகளை எடுத்து
தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.